அரை மூச்சில் ஓர் இரவு

ஸ்டாண்டு கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது. கையில் ஒரு கேமரா, எதிரில் ஒரு தெரு. ஜவ்வாது மலையடிவாரத்தில் இரவைப் படம் பிடிக்கப் பழகிய அனுபவம்.

ராத்திரி ஒன்பதரை மணி. கலசப்பாக்கம் கடைத்தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்கிக்கொண்டிருக்கிறது. என் கேமராவின் ஷட்டருக்கு வேலை ஆரம்பிப்பது அப்போதுதான்.

மருந்துக்கடையில் மட்டும் ட்யூப்லைட் எரிகிறது. பூக்கடைக்கார அம்மா மிச்சமான சரத்தை ஈரத்துணியில் சுற்றுகிறார். டீக்கடையில் பாய்லருக்கு மேலே ஒற்றை பல்பு. அதன் கீழே மாஸ்டர் கையை உயர்த்தி டீ ஆற்றுகிறார். ஒரு முழ நீளத்துக்கு ஒழுகி இறங்குகிறது டீ. எடுத்தேன். திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன்.

"இன்னா தம்பி, எம்மூஞ்சி ரெண்டா கீது?"

ஆமாம், இரண்டாகத்தான் இருந்தது. பாதி அவர் அசைந்ததால், பாதி என் கை அசைந்ததால். ஸ்டுடியோக்காரர்கள் பாஷையில் சொன்னால், படம் 'ஷேக்' ஆகிவிட்டது. இரவில் கையிலேயே கேமராவைப் பிடித்துப் படம் எடுக்கும் வித்தை இங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த அசைவு என்னுடையது, எந்த அசைவு எதிரில் இருப்பவருடையது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முன்னதை அடக்கலாம். பின்னதற்குக் காத்திருக்கத்தான் முடியும்.

திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவே, செய்யாற்றங்கரை ஊர் கலசப்பாக்கம். மேற்கே ஜவ்வாது மலை. ரத சப்தமியன்று அண்ணாமலையார் இந்த ஊர் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது கூட்டம் ஊர் கொள்ளாது. மற்ற நாட்களில் பத்து மணிக்கு மேல் தெரு நாய்களுக்குச் சொந்தம். இரவுப் படம் என்றால் சென்னை அண்ணா சாலைக்கும் தி.நகருக்கும்தான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே வெளிச்சம் இறைந்து கிடக்கும். சின்ன ஊரில் வெளிச்சம் எண்ணி நாலு இடத்தில்தான். அதனாலேயே ஒவ்வொரு விளக்கும் தன்னைச் சுற்றி ஒரு கதையை வைத்திருக்கும்.

எட்டாயிரத்தில் ஒரு பங்கு

நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டால் அந்த டீக்கடைத் தெருவின் வெளிச்சம் சுமார் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. என் கேமரா மீட்டர் காட்டிய கணக்கு அது. நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. கண் தன்னைப் பழக்கிக்கொள்ளும், மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்க மூன்று வழிகள். லென்ஸின் வாயை அகலமாகத் திறப்பது ஒன்று. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றுவது இன்னொன்று. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. வாயை அகலத் திறந்தால் முன்னும் பின்னும் மங்கும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். ஷட்டரை அதிக நேரம் திறந்தால் படம் ஆடும்.

கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸ், 50 எம்.எம். நிலையில் பெரும்பாலும் f/5.6 அளவுக்குத்தான் திறக்கும். கல்யாண போட்டோகிராபர்கள் பைக்குள் கட்டாயம் வைத்திருக்கும் 50 எம்.எம். f/1.8 லென்ஸ், அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். இரவில் தெருவுக்குப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது புது கேமராவா, இந்த லென்ஸா என்று கேட்டால் லென்ஸ் என்றுதான் சொல்வேன்.

f/2, ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/30 விநாடி. மங்கலான தெருவுக்கு இதுதான் என் ஆரம்பப் புள்ளி. ஆனால் 1/30 விநாடி என்பது கையில் பிடிக்கிறவருக்கு நீண்ட நேரம். 50 எம்.எம். லென்ஸ் என்றால் 1/50 விநாடிக்குக் கீழே இறங்காதே என்பது பழைய பாடம். இப்போதைய கேமராக்களில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. அந்த வசதி கொண்ட லென்ஸ் ஒன்றைக் கேனான் நிறுவனம் 1995-ல் கொண்டுவந்தது. பிறகு அது கேமராவின் உடலுக்குள்ளேயே குடியேறியது. அதன் தயவில் அரை விநாடிகூடக் கையில் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த வசதி அடக்குவது உங்கள் கையை மட்டும்தான். எதிரில் நடந்து வருகிறவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், 1/30 விநாடியில் நாலரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மூக்கு காதுப் பக்கம் போய்விடும். எந்தக் கேமராவும் அவரை நிறுத்தி வைக்காது.

சிகரெட் கடிகாரம்

இரவுத் தெருவைப் படம் பிடிக்கும் ஆசை கேமரா அளவுக்கே பழையது. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் குடியேறிய பிராசாய், 1930-களின் தொடக்கத்தில் மழையில் நனைந்த பாரிஸ் தெருக்களைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்தார். அவருக்கு ஸ்டாண்டு இல்லாமல் முடியாது. எவ்வளவு நேரம் லென்ஸைத் திறந்து வைப்பது என்பதை சிகரெட் பிடித்து அளந்தார். கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் ஒரு ரக சிகரெட், ரொம்ப இருட்டென்றால் அதைவிட மெதுவாக எரியும் வேறொரு ரகம். 'பாரிஸ் டி நுய்' என்ற அவருடைய தொகுப்பு அந்தக் காலத்தின் பெரும் பேச்சு. அதில் சுவரும் விளக்குக் கம்பமும் அசையாமல் நிற்கின்றன. மனிதர்கள் நின்றது, அவர் நிற்கச் சொன்னதால்.

மனிதனை அவன் போக்கிலேயே இரவில் எடுக்க, கைக்கடக்கமான கேமராவும் வேகமான ஃபிலிமும் சேர வேண்டியிருந்தது. 1925-ல் லைகா சந்தைக்கு வந்தது. 1954-ல் கோடக்கின் 'ட்ரை-எக்ஸ்' 35 எம்.எம். சுருளாக வந்தபோது, பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு ராத்திரி திறந்துவிட்டது.

ஃபிலிம் காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்களில் நிலைமை வேறு. 100 ஏ.எஸ்.ஏ. (இன்றைய ஐ.எஸ்.ஓ. 100) கலர் ரோல், முப்பத்தாறு படம், கழுவிப் பிரிண்ட் போடும் செலவு. பெண் அழைப்பு ஊர்வலம் இரவில் தெருவில் வரும். பேண்டு வாத்தியம், தலையில் விளக்கு சுமந்து வருகிறவர்கள், காருக்குள் பெண். அத்தனை வெளிச்சத்தையும் ஒரே ஃப்ளாஷ் அடித்து அழித்துவிடும். பெண்ணின் முகம் சுண்ணாம்பு, பின்னால் தெரு முழுக்கத் தார். நம் வீட்டு ஆல்பங்களில் இரவு இல்லை. கறுப்புத் திரை மட்டும்தான் இருக்கிறது.

2007-ல் வந்த நிக்கான் டி3, ஐ.எஸ்.ஓ. 6400-ல் அச்சில் போடக்கூடிய படத்தைத் தந்தபோது இந்தக் கதை மாறியது. அதற்குப் பிறகு ஃப்ளாஷைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, விளக்கு சுமப்பவரின் வெளிச்சத்திலேயே மணப்பெண்ணை எடுக்க முடிந்தது.

கிர்க்கிக்கு நடுவே ஒரு நிறுத்தம்

இந்த மாவட்டத்தில் இரவுப் படம் கற்றுக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம் உண்டு. தெருக்கூத்து.

பழைய வடஆர்க்காட்டு மண் கூத்தின் தாய்வீடு. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. புரிசைக் கூத்தில் மனம் பறிகொடுத்த ந.முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும் ஊர்களில், கோடைக்காலத்தில் இரவு இரவாகக் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். களத்து மேட்டில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்துக் கிடப்பான்.

முதன்முதலில் கூத்துக்குக் கேமராவோடு போனபோது நூறு படம் எடுத்து நூறும் வீணானது. மர அணிகள் பூண்டு கட்டை வேஷம் கட்டிய நடிகர் கிர்க்கி போட்டுச் சுழன்றால், மேடையில் ஒரு வண்ணச் சக்கரம் மட்டும்தான் தெரியும். கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள் வட்டமாகக் கோடு இழுக்கும். அழகான கோடுதான். ஆனால் துரியோதனன் எங்கே?

மூன்றாவது இரவில்தான் காது உதவிக்கு வந்தது. மிருதங்கத்தின் தீர்மானம் விழும் இடத்தில் நடிகர் நிற்கிறார். முகவீணை இழுத்து முடிக்கும் இடத்தில் ஒரு கணம் உறைகிறார். திரை பிடித்து வரும்போது, திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிய, பாட்டின் கடைசி அடி வரைக்கும் காத்து நிற்கிறார். அதெல்லாம் 1/30 விநாடிக்குப் போதும், மிச்சமே இருக்கும். அன்றிலிருந்து நான் கண்ணால் படம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். தாளத்தைக் கேட்டு அழுத்தினேன்.

எந்த அசைவுக்குள்ளும் ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் முன் நிற்கும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசிக் கல்லில் அடிக்கும் முன் கை மேலே ஒரு நொடி தங்கும். பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்துவார். இரவில் கையால் எடுக்கிறவருக்கு அந்த நிறுத்தம்தான் ஸ்டாண்டு.

கூத்தின் வெளிச்சமும் காலத்தோடு மாறியது. முதலில் எண்ணெய்ப் பந்தம், பிறகு பெட்ரோமாக்ஸ், அடுத்து ட்யூப்லைட், இப்போது எல்.இ.டி. ஃபோகஸ். பந்தத்தின் வெளிச்சம் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வந்து அரிதாரத்தில் பள்ளமும் மேடும் காட்டும். அந்த வெளிச்சத்துக்காகத் தீட்டப்பட்ட முகம் அது. நேரே அடிக்கும் வெள்ளை ஃபோகஸில் அதே முகம் தட்டையாகிவிடுகிறது. அதனால் நான் மேடைக்கு நேர் எதிரே உட்காருவதில்லை. ஓரத்தில், வேஷம் கட்டும் கொட்டகைப் பக்கம்தான் என் இடம்.

மஞ்சள் போய் வெள்ளை வந்தது

தெருவிளக்கிலும் இதே மாற்றம். 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்துக்குப் பிறகு, நாடெங்கும் சோடியம் விளக்குகள் இறங்கி எல்.இ.டி. ஏறியது. மின்சாரம் மிச்சம், தெரு பளிச். படமெடுக்கிறவருக்குக் கொஞ்சம் லாபம், கொஞ்சம் நஷ்டம்.

சோடியம் விளக்கின் ஒளியில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் பெரும்பகுதி. நீலம் ரொம்பக் குறைவு. அதன் கீழே நீலச் சட்டையும் வாழையிலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். இல்லாத நிறத்தை எந்தச் சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. எல்.இ.டி.யில் நிறங்கள் திரும்பி வந்தன. பதிலுக்கு இரவின் சூடு போனது. பழைய இரவுப் படங்களில் ஊர் அடுப்பங்கரை மாதிரி இருக்கும். இப்போதைய படங்களில் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. அதனால்தான் டீக்கடை, இட்லிக் கடை, கோயில் வாசல் என்று இன்னும் மஞ்சள் பல்பு எரியும் இடங்களைத் தேடிப் போகிறேன். வெள்ளைத் தெருவும் மஞ்சள் கடையும் சந்திக்கும் இடத்தில் இரவுக்கு மறுபடி ஓர் உருவம் வருகிறது.

மலிவான எல்.இ.டி.யில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதோடு சேர்ந்து விளக்கும் விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/200-க்கு மேல் வேகமாக வைத்தால், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழ வாய்ப்புண்டு. 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் தப்பிக்கலாம். பட்டை விழுந்தது கண்டு கேமராவில் கோளாறு என்று பயந்து, கடைக்கு எடுத்துப்போனவர்களில் நானும் ஒருவன்.

மலைமேல் வேறொரு இரவு

அடிவாரத்தில் நான் வெளிச்சம் போதவில்லை என்று அலைகிறேன். இதே ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கம், காவலூர் வானாய்வகத்தில் இருக்கிறவர்களுக்கு வெளிச்சம் அதிகமாகிவிடக் கூடாதே என்று கவலை.

இருண்ட வானமும் தென்திசை விண்மீன்கள் தெரியும் வாகும் கருதி, வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயம் காவலூரிலும் பதிவானது. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கி, ஆய்வகம் பாப்புவின் பெயரைத் தாங்கியது. அவர் 1982-லேயே மறைந்துவிட்டார்.

என் 50 எம்.எம். லென்ஸ் முழுதாகத் திறந்தால் அதன் வாய் 28 மில்லிமீட்டர். காவலூர்க் கண்ணாடியின் பரப்பு அதைப்போல சுமார் ஏழாயிரம் மடங்கு. ஆனால் பிரச்சினை அங்கேயும் அசைவுதான். பூமி சுழல்கிறது, விண்மீன் திரையை விட்டு நழுவுகிறது. சுழலும் தரையில் நின்றுகொண்டு, அந்தச் சுழற்சிக்கு எதிராகத் தொலைநோக்கியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நான் மூச்சை அடக்குவதும் அந்த ஜாதி வேலைதான், ரொம்பச் சின்ன அளவில்.

காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இன்னொரு ஆய்வகம் லடாக்கின் ஹான்லேயில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இருட்டையும் காடு மாதிரி, ஏரி மாதிரி காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்கு அரசாங்கமே போட்ட கையெழுத்து அது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, என் படங்களில் கறுப்பாகக் கிடக்கும் மூலைகளை வெளுக்க எனக்குக் கை வரவில்லை.

நடந்துகொண்டே இருக்கும் தெரு

கலசப்பாக்கத்தில் ஆள் குறைவு என்று தோன்றினால் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறுவேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விடிய விடிய நடக்கும் மனிதர்கள். எட்டு லிங்கங்களின் வாசலிலும் கற்பூரச் சுடர். இத்தனை பேர் ஒரே திசையில், ஒரே சீராக நடக்கும் தெரு வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது. அவர்களோடு அதே வேகத்தில் நடந்துகொண்டே 1/15 விநாடியில் எடுத்தால், பக்கத்தில் நடப்பவர் ஓரளவு தெளிவாக நிற்பார். மரமும் கடையும் மற்றவையும் பின்னால் ஓடும். நின்று எடுத்தால் அவர் கரைவார், தெரு நிற்கும். எது உண்மையான படம் என்று கேட்டால், நடந்தவருக்கு முன்னது, கடைக்காரருக்குப் பின்னது.

திருவண்ணாமலைக்குப் புகைப்படக்கலையில் தனி இடம் உண்டு. கேரளத்தில் பிறந்து இங்கே வந்து தங்கிய அபுல் கலாம் ஆசாத், ஏகலோகம் என்ற புகைப்பட அறக்கட்டளையை நடத்தினார். 2014-ல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் 365'-ல் பல புகைப்படக்காரர்கள் ஓராண்டுக் காலம் இந்த ஊரின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். கோபுரத்தையும் தீபத்தையும் மட்டுமே எடுத்துப் பழகிய ஊரில், சாதாரணத் தெருவும் ஆவணம்தான் என்று காட்டிய முயற்சி அது.

ராத்திரியைப் பகலாக்கும் போன்

இப்போது எல்லார் கையிலும் போன். 2018-ல் கூகுள் பிக்ஸலில் 'நைட் சைட்' வந்தது. மறு வருஷம் ஐபோனிலும் 'நைட் மோட்' வந்தது. போன் ஒரே படமாக எடுப்பதில்லை. குட்டிக் குட்டியாகப் பல படங்கள் எடுத்து, கை ஆட்டத்துக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றை நகர்த்திப் பொருத்திக் கூட்டுகிறது. ஒன்பது படம் கூட்டினால் புள்ளிகளின் தொல்லை மூன்றில் ஒரு பங்காகும். நிஜமாகவே பெரிய வித்தை. படம் பகல் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று, நிழலை வேண்டுமென்றே கருமையாக்கும் கணக்கையும் பொறியாளர்கள் சேர்த்தார்கள்.

இருந்தும் நம் ஆட்கள் பிரகாசத்தை இழுத்து மேலே ஏற்றிவிடுகிறார்கள். இருட்டு என்றால் குறை என்று பழகிவிட்டது. 1987-ல் 'நாயகன்' வந்தபோது, படம் இருட்டாக இருக்கிறதே என்று சொன்னவர்கள் உண்டு. அதன் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமுக்கு அதற்குத்தான் தேசிய விருது கிடைத்தது. ஒரே ராத்திரியில் நடக்கும் 'கைதி'யை 2019-ல் ஊரே உட்கார்ந்து பார்த்தது. திரையில் இருட்டை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு, கையில் இருக்கும் படத்தில் மட்டும் அது ஏன் உறுத்த வேண்டும்?

ஸ்டாண்டு இல்லாதவருக்கு

• இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டுங்கள். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும்.
• விளக்குக் கம்பம், சுவர், நிற்கும் பைக். எது கிடைத்தாலும் சாயுங்கள்.
• மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்காதீர்கள், நெஞ்சு துடிக்கும். பாதி விட்டு, அந்த இடைவெளியில் அழுத்துங்கள்.
• மூன்று படம் தொடர்ச்சியாக எடுங்கள். அழுத்தும்போதும் விரலை எடுக்கும்போதும் கை ஆடும். பெரும்பாலும் நடுப்படம்தான் தெளிவாக இருக்கும்.
• பல்பு வெளுத்துப் போகாமல் பாருங்கள். மீட்டர் சொல்வதைவிட ஒரு படி குறைத்தே எடுங்கள்.
• ஆளைத் துரத்தாதீர்கள். நல்ல வெளிச்சம் விழும் இடத்தைப் பிடித்து நில்லுங்கள். ஆள் தானாக வருவார்.
• மழை விட்ட இரவை விடாதீர்கள். ஈரத் தார்ரோடு விளக்கை இரண்டாக்கும்.

கேட்டு எடுப்பது

இரவில் கேமராவோடு நிற்கிறவன் மேல் தெருவுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். திண்ணையில் தூங்குகிறவர், குடித்துவிட்டுக் கிடப்பவர், கடைசி பஸ்ஸுக்காகத் தனியாக நிற்கும் பெண். இந்த மூன்று படங்களையும் நான் எடுப்பதில்லை. அவர்கள் இருட்டை நம்பி இருப்பவர்கள். மற்றவர்களிடம் முதலில் ஒரு டீ, ரெண்டு வார்த்தை, பிறகுதான் கேமரா. எடுத்த படத்தை அங்கேயே காட்டிவிட வேண்டும். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஆணாக நான் தெருவில் நிற்பதே ஒரு சலுகை. இதே கேமராவோடு ஒரு பெண் இங்கே நின்றால் அவள் முதலில் கவனிக்க வேண்டியது வெளிச்சத்தை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த டீக்கடைக்கு நாலாவது இரவும் போனேன். இந்த முறை எதிரே இருந்த கம்பத்தில் சாய்ந்துகொண்டேன். மாஸ்டர் ஆற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் மேல் க்ளாஸ் காலியாகும் முன், கடைசிச் சொட்டுக்காக அவர் கை ஒரு கணம் உயரத்திலேயே நிற்கிறது. பாதி மூச்சு விட்டு அழுத்தினேன். 1/25 விநாடி. முகம் ஒன்றுதான். டீ மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

காட்டினேன். கிட்டே வாங்கிப் பார்த்தார்.

"மூஞ்சி நல்லா வந்துகீது. ஆனா கடை போர்டே தெரியலியே?"

போனில் எடுத்ததையும் காட்டினேன். போர்டு, விலைப்பட்டியல், பின்சுவரின் எண்ணெய்க் கறை வரைக்கும் எல்லாம் தெரிந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது பகல்ல எடுத்தாப்ல கீது. அதான் நம்ம ராத்திரி கடை" என்று கேமராவைக் கையில் கொடுத்துவிட்டு, பல்பை அணைத்தார்.